ஐம்பது கஜம்

2025 மார்ச் 28 நிலநடுக்கம் முடிந்து நான்காம் நாள், மாண்டலேயில் இருக்கும் சித்தப்பா மகள் ஒரு படம் அனுப்பினாள். அரண்மனைக் கோட்டைச் சுவர். ஓரிடத்தில் செங்கல் சரிந்து அகழிப் பக்கமாகக் கொட்டிக் கிடந்தது. அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தவித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது சுவரை நினைக்கத் தோன்றவில்லை. வீட்டில் எல்லாரும் பிழைத்துவிட்டார்கள், தெருவில்தான் படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததே போதுமாக இருந்தது. அப்புறம் இரண்டு வாரம் கழித்து அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 1994இல் ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய கரை அதுதான் என்று பட்டது.

ஐயா என்றால் அப்பாவின் அப்பா. இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அதனால் தாத்தா என்ற சொல் எங்கள் வீட்டில் இல்லை. அவர் என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அப்போது 18 வயது, அவருக்கு 70. ரங்கூனிலிருந்து இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்து போனோம். சத்திரத்தில் குளித்துவிட்டு, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, நேராகக் கோட்டைக்கு வடக்கே அகழிக் கரைக்கு வந்தார். ஒரு பக்கச் சுவர் மட்டும் 2 கிலோமீட்டர் நீளம். அகழி 60 மீட்டருக்கு மேல் அகலம். சுவருக்கு உள்பக்கம் முட்டுக்கொடுத்த மண்மேடு.

"இந்தச் சுவருக்கு எங்க பீரங்கி பத்தாது ஆத்தா. எங்களது 25 ராத்தல் குண்டு. இதுல பட்டா செங்கப்பொடிதான் உதிரும். அதனால பெரிய பீரங்கியை இழுத்துக்கிட்டு வந்து, சில நூறு கஜத்துல நிறுத்தி, கண்ணால பார்த்தே அடிச்சாங்க."

அந்தப் பெரிய பீரங்கி 5.5 அங்குல வாய் கொண்டது. மைல் கணக்கில் தூரத்திலிருந்து சுட வேண்டியது. 1945 மார்ச்சில், ஜப்பானியர்களிடமிருந்து பர்மாவை மீட்க வந்த பிரிட்டிஷ் இந்தியப் படையின் 19ஆவது டிவிஷன் மாண்டலேக்குள் வந்தபோது அதைத் துப்பாக்கி மாதிரி நேர்க்கோட்டில் வைத்துச் சுவரை அடித்தார்கள். விமானத்திலிருந்தும் குண்டு போட்டார்கள். சுவரில் ஓட்டைகள் விழுந்தன. ஆனாலும் இரவில் அகழியைத் தாண்டப் போனவர்கள் திரும்பிவர வேண்டியதாயிற்று. கடைசியில் ஜப்பானியர்களே சாக்கடை வழியாக வெளியேறிவிட, மார்ச் 20 அன்று கோட்டை கைக்கு வந்தது. உள்ளே இருந்த மர அரண்மனை எரிந்து சாம்பலாகியிருந்தது.

இதையெல்லாம் ஐயா ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். அதற்கப்புறம் செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கரையோரமாக நேராக நடந்தார். எண்ணிக்கொண்டே நடந்தார். ஐம்பதாவது எட்டில் நின்று என் பக்கம் திரும்பினார். "ஆத்தா, என் முகம் தெரியுதா?" என்று கத்தினார். தெரிந்தது. சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. "இவ்வளவுதான். இதுக்குள்ள கூப்பிடணும்" என்றார்.

எனக்கு அன்றைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவர் பட்டாளத்துக்குப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நடைப்பயணத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டபோது ஐயாவுக்கு 17 வயது. 1942இல் அவருடைய அம்மாவும் தங்கையும் அவரும் புரோம் போய், ஆற்றைக் கடந்து, தாங்குப் கணவாய் வழியாக நடந்தார்கள். காலராவில் தங்கை போய்விட்டாள். அவருடைய அப்பா அரிசி ஆலையிலேயே காவலுக்குத் தங்கிவிட்டார். ஊருக்கு வந்து சேர்ந்தபோது சோற்றுக்கு வழியில்லை. அப்பாவைப் பார்க்க பர்மாவுக்குத் திரும்ப வேண்டுமென்றால் பட்டாளத்தோடுதான் போக முடியும் என்று யாரோ சொன்னார்கள். சேர்ந்துவிட்டார். பர்மியப் பேச்சும் கொஞ்சம் ஆங்கில எழுத்தும் தெரிந்ததால் பீரங்கிப் படையில் சிக்னல் வேலைக்குப் போட்டார்கள்.

பீரங்கிப் படை என்றால் எல்லாரும் பீரங்கிப் பக்கத்தில் நின்று குண்டு போடுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பீரங்கி நிற்கும் இடம் சண்டை நடக்கும் இடத்திலிருந்து மூன்று நான்கு மைல் பின்னால். அங்கே இருப்பவர்களுக்கு எதிரி கண்ணிலேயே தெரிய மாட்டான். எதிரியைப் பார்த்து, எங்கே அடிக்க வேண்டும் என்று சொல்ல ஓர் அதிகாரி காலாட்படையோடு முன்வரிசைக் குழியில் உட்கார்ந்திருப்பார். அவரோடு இரண்டு மூன்று சிக்னல்காரர்கள். ஒருவன் முதுகில் வயர்லெஸ் பெட்டி. இன்னொருவன் கையில் கேபிள் உருளை, டெலிபோன். கேபிள் உருளை வைத்திருந்தவர் எங்கள் ஐயா.

அவர் படையில் இருந்தது 25 பவுண்டர் பீரங்கி. ஒரு குண்டின் எடை 25 ராத்தல், அதாவது 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 13,400 கஜம் வரை போகும். ஒரு பீரங்கிக்கு ஆறு ஆள். எட்டு பீரங்கி ஒரு பேட்டரி, மூன்று பேட்டரி ஒரு ரெஜிமெண்ட். முன்னால் இருக்கும் அதிகாரி வயர்லெஸ்ஸில் 'மைக் டார்கெட்' என்று சொன்னால் 24 பீரங்கியும் ஒரே இடத்தை நோக்கித் திரும்பும். குழியில் கிடக்கும் ஓர் இளைஞனின் வாயிலிருந்து வரும் இரண்டு சொல்லுக்கு 24 பீரங்கி அசையும். இதைச் சொல்லும்போது ஐயாவின் குரலில் பெருமை இருக்காது. சாமி கும்பிடும்போது இருப்பதைப் போல ஓர் அடக்கம்தான் இருக்கும்.

சரி, நெருக்கமாகக் கூப்பிடுவது என்றால் என்ன? காட்டிலும் குன்றிலும் ஜப்பானியர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பீரங்கிக்குத் தப்ப வேண்டுமானால் எதிரியை ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். இருபது முப்பது கஜத்தில் வந்து படுத்துவிட்டால் எந்த அதிகாரி தன் ஆட்களுக்கு அவ்வளவு பக்கத்தில் குண்டு போடச் சொல்வான்? 1944 ஏப்ரலில் கோஹிமாவில் இப்படித்தான் நடந்தது. டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு ஒரு பக்கம் அவர்கள், மறு பக்கம் இவர்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆதரவாகச் சுட்ட மலைப் பீரங்கிகள் இரண்டு மைல் தள்ளி ஜோட்சோமாவில் நின்றன. அந்தக் குண்டுகள் விழுந்த நெருக்கம்தான் அந்தச் சின்னக் கூட்டத்தைத் தாங்கிப் பிடித்தது. ஐயா கோஹிமாவில் இல்லை. ஆனால் அங்கே இருந்த சிக்னல்காரன் ஒருவனைப் பின்னால் சந்தித்து, ஒரு ராத்திரி முழுக்க எத்தனை கஜம் எத்தனை கஜம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

ஒருநாள் சோற்றுப் பருக்கையை வைத்து எனக்கு ஒன்றைக் காட்டினார். ஒரே பீரங்கி, ஒரே திசை, ஒரே தூரம் வைத்துப் பத்து குண்டு போட்டாலும் பத்தும் ஒரே இடத்தில் விழாது. தட்டில் பருக்கைகளை வெள்ளரிக்காய் மாதிரி நீளமாகப் பரப்பினார். "அகலத்துல அவ்வளவா விலகாது. நீளத்துலதான் விலகும். சில குண்டு கூடப் போகும், சில குண்டு குறைஞ்சு விழும்." பீரங்கி பக்கவாட்டிலிருந்து சுட்டால் அந்த வெள்ளரிக்காய் நம் குழிக்கு முன்னால் குறுக்கே கிடக்கும், பயமில்லை. பீரங்கி நமக்கு நேர் பின்னால் நின்று தலைக்கு மேலே சுட்டால் வெள்ளரிக்காயின் கீழ்நுனி நம் குழியைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் முதல் குண்டை எப்போதும் தொலைவில் போடச் சொல்வார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுப்பார்கள். நூறு குறை. ஐம்பது குறை. இருபத்தைந்து குறை. அடர்ந்த காட்டில் குண்டு விழுந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, வெடிச் சத்தத்தைக் காதால் கேட்டே தூரம் கணிக்க வேண்டும். மரக்கிளையில் பட்டு மேலேயே வெடித்தால் சில்லெல்லாம் குழிக்குள் இறங்கும்.

இன்னொன்றும் சொன்னார். குண்டைத் தள்ளும் வெடிமருந்தும் உடம்பு மாதிரிதானாம். வெயிலில் சூடாகக் கிடக்கும் மருந்து வேகமாகத் தள்ளும். பனியில் குளிர்ந்து கிடந்தால் தள்ளல் குறையும். காற்றும் இரவில் கனக்கும். மாலையில் பார்த்துச் சரிசெய்து வைத்த தூரத்துக்கே விடியற்காலை மூன்று மணிக்குச் சுட்டால் குண்டு முன்னாலேயே விழும். அதற்குக் கணக்குப் போட்டுத் திருத்துவார்கள், ஆனால் கணக்கு போடுபவனும் தூங்காத மனிதன்தான்.

பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் சோறு வீணாக்க மாட்டார்.

இப்போது சௌக்மியாங் பற்றி. மாண்டலேக்கு வடக்கே ஐராவதியின் மேற்குக் கரையில் இருக்கும் ஊர். பெரிய மண் ஜாடிகளுக்குப் பெயர் போனது. கறுப்பும் பழுப்புமாகப் பளபளவென்று மெருகு பூசிய ஜாடி, ஒரு பிள்ளையே உள்ளே உட்காரலாம். பர்மாவில் தண்ணீருக்கும் ஙப்பி என்ற மீன் விழுதுக்கும் அந்த ஜாடிதான். எங்கள் வீட்டில் அது கிடையாது. பாட்டி எத்தனையோ தடவை கேட்டும் ஐயா வாங்கித் தரவில்லை. காரணம் சொன்னதுமில்லை.

1945 ஜனவரி நடுவில் 19ஆவது டிவிஷன் அங்கே ஆற்றைக் கடந்தது. கிழக்குக் கரையில் கொஞ்சம் நிலத்தைப் பிடித்துக்கொண்டு காலூன்றப் பார்த்தார்கள். ஜப்பானியர்கள் இரவுக்கு இரவு வந்து மோதினார்கள். அவர்களுடைய பீரங்கியும் விடாமல் அடித்தது. நம் பீரங்கிகள் மேற்குக் கரையில். குழிகள் கிழக்குக் கரையில், ஆற்றைத் தாண்டி, குன்றுச் சரிவில். அப்படியானால் பீரங்கி நேர் பின்னால். வெள்ளரிக்காயின் நுனி குழியைப் பார்த்து.

மாலையில் அதிகாரி ஒரு பள்ளத்தைக் குறித்து இரண்டு மூன்று குண்டு போட்டுப் பார்த்தார். இரவில் வேறு வேலை இல்லாதபோதெல்லாம் பீரங்கிகள் அந்தப் பள்ளத்தையே நோக்கி நிற்கும். ஒரு சொல் சொன்னால் போதும், அடுத்த நொடி சுடும். குழியிலிருந்து குன்றுக்குப் பின்னால் இருந்த வயர்லெஸ் வரைக்கும் டெலிபோன் கேபிள் போட்டது ஐயா. அந்த முன்குழியில் காலாட்படையில் நாயக் என்ற சின்னப் பதவியில் இருந்த ஒருவர் இருந்தார். வடக்கத்திக்காரர். ஐயாவின் கம்பளி ஆற்றில் நனைந்துவிட்டது என்று தன்னுடையதில் பாதியைப் போர்த்தச் சொன்னவர்.

நள்ளிரவுக்கு மேல் ஜப்பானியர்கள் வந்தார்கள். சொல்லைச் சொன்னதும் பீரங்கி அடித்தது. பள்ளத்தில் சரியாக விழுந்தது. ஆனால் முன்னால் வந்தவர்கள் பள்ளத்தைத் தாண்டிவிட்டிருந்தார்கள். இடையில் லைன் அறுந்தது. ஐயா வெளியே ஊர்ந்து போய், கேபிளைக் கைக்குள் ஓடவிட்டுக்கொண்டே போய், அறுந்த முனையைத் தேடிப் பல்லால் உறையைக் கடித்து உரித்து முடிச்சுப் போட்டார். திரும்பி வந்து "கேக்குதா?" என்றார். கேட்டது. அதற்குள் மார்ட்டார் சில்லு ஒன்று அதிகாரியின் கழுத்தோரம் வெட்டியிருந்தது. ரத்தம். அவரால் பேச முடியவில்லை. முகத்தில் தெளிவு இருந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. வெடி வெளிச்சத்தில் கையைத் தூக்கி ஐந்து விரலைக் காட்டினார்.

ஐந்து விரல்.

ஐம்பது குறை என்பதா? ஒவ்வொரு பீரங்கியும் ஐந்து குண்டு சுடட்டும் என்பதா? இரண்டும் அன்றாடம் சொல்கிற உத்தரவுதான். கேட்டுத் தெளிய நேரமில்லை. கம்பி வேலியில் கட்டியிருந்த தகரடப்பாக்கள் குலுங்கும் சத்தம் வந்தது. ஐயா டெலிபோனில் "டிராப் ஃபிஃப்டி" என்றார். மறுமுனை "டிராப் ஃபிஃப்டி" என்று திருப்பிச் சொன்னது. அப்படித் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஐயா சரி என்றார். ஐந்து ரவுண்டு என்றும் சேர்த்துச் சொன்னார். இரண்டையும் சொல்லிவிட்டால் எதைச் சொன்னாரோ அது சரியாக இருக்கும் என்று நினைத்ததாக என்னிடம் சொன்னார். அப்போது அவருக்கு 20 வயது.

எட்டு பீரங்கி, ஐந்து ரவுண்டு, நாற்பது குண்டு. குழியின் அடியில் முகத்தை மண்ணில் அழுத்திக் கிடந்தார்கள். வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காது போய்விடும். பல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடியது என்றார். தலைக்கு மேலே போகும் நம் குண்டின் சத்தம் துணியைக் கிழிப்பது போல இருக்கும், அது நல்ல சத்தம். அந்த நாற்பதில் ஒன்றுக்கு அந்தச் சத்தம் வரவில்லை. அது குழியின் இடது மூலையில் விழுந்தது.

கம்பி வேலிக்கு வந்தவர்கள் யாரும் உள்ளே வரவில்லை. அந்தக் குன்று நிலைத்தது. விடிந்து பார்த்தபோது இடது மூலையில் மூன்று பேருக்குக் காயம், நாயக் இறந்து கிடந்தார். பாதிக் கம்பளி இன்னும் ஐயாவிடம் இருந்தது.

காலையில் சுபேதார் ஒரு குவளை டீ கொண்டுவந்து கொடுத்தார். நீ கூப்பிடவில்லை என்றால் இங்கே ஒருத்தனும் மிஞ்சியிருக்க மாட்டான் என்று இந்துஸ்தானியில் சொன்னார். யாரும் ஐயாவைக் குறை சொல்லவில்லை. ஐயாவால் அந்த டீயைக் குடிக்க முடியவில்லை. கீழே ஊற்றவும் முடியவில்லை. ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தாராம். அதிகாரியைப் படகில் அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். அதற்கப்புறம் அவரை ஐயா பார்க்கவே இல்லை. அந்த ஐந்து விரலுக்கு என்ன அர்த்தம் என்று கேட்க ஆளில்லை.

இதை அவர் என்னிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. 1994இலிருந்து பதினான்கு வருடத்தில் துண்டு துண்டாகச் சொன்னார். டீயைப் பற்றி ஒருமுறை, விரலைப் பற்றி ரொம்ப நாள் கழித்து. காரணங்களை மட்டும் அடிக்கடி அடுக்குவார். மருந்து குளிர்ந்திருக்கலாம். அந்த ஒரு பீரங்கியின் குழாய் தேய்ந்திருக்கலாம், பழைய குழாய் குறைவாகத்தான் தள்ளும். வெள்ளரிக்காயின் நுனியாக இருக்கலாம், அதற்கு யாரும் பொறுப்பில்லை. இல்லையென்றால் ஐந்து விரல். இந்த நான்கையும் எப்போதும் இதே வரிசையில்தான் சொல்வார். நான் ஒருமுறை, "ஐயா, நீங்க சொல்லலைன்னா எல்லாரும் செத்திருப்பாங்கல்ல?" என்று கேட்டுவிட்டேன். "அது தெரியும் ஆத்தா. அதை எல்லாரும் சொல்லிட்டாங்க" என்றார்.

போர் வரலாறுகளில் நான் பார்த்த வரையில் இந்த இரவெல்லாம் ஒரு வரிதான். நெருக்கமான பீரங்கி ஆதரவால் எதிர்த்தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அந்த வரி பொய்யில்லை. ஆனால் ஆதரவு என்ற சொல்லை ஐயா வாயால் நான் கேட்டதேயில்லை. அவர் 'கூப்பிடுறது' என்றுதான் சொல்வார். அதுதான் எனக்குச் சரியான சொல்லாகப் படுகிறது. ஒருவன் கூப்பிடுகிறான், மூன்று மைல் தள்ளி முகம் தெரியாத ஆறு பேர் அவன் குரலை நம்பிச் சுடுகிறார்கள், அவன் அவர்கள் கையை நம்பிக் குழியில் கிடக்கிறான். சுட்ட ஆறு பேருக்குத் தங்கள் குண்டு எங்கே விழுந்தது என்று தெரிந்திருக்காது. ஐயாவுக்குத் தெரிந்தது.

எங்கள் தெருவில் இன்னொரு பெரியவர் இருந்தார். நாங்கள் போப்பா தாத்தா என்போம். ஐயாவைவிட நான்கு வயது மூத்தவர். நேதாஜி ரங்கூனில் பேசியதைக் கேட்டுவிட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். 1945 பிப்ரவரி, மார்ச்சில் போப்பா மலைப் பக்கம் இருந்தார். அவர்களிடம் ரைபிளும் இயந்திரத் துப்பாக்கியும் சில மார்ட்டாரும்தான். பெரிய பீரங்கி கிடையாது. கூப்பிட எவருமில்லை. ஐயாவும் அவரும் காளியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு டீக்கடையில் வாரத்துக்கு மூன்று நாள் சேர்ந்து உட்காருவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றவர்கள் எப்படி ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்று வெளியூர் ஆட்கள் கேட்பதுண்டு. இங்கே அது யாருக்கும் அதிசயமாகத் தெரியவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் இங்கும் தம்பி அங்கும் இருந்த குடும்பங்கள் உண்டு.

போப்பா தாத்தா சொன்னது இது. முதலில் சின்ன விமானம் ஒன்று வரும். குண்டு போடாது, சுடாது, மேலே மெதுவாகச் சுற்றும். அது வந்தால் வயிறு கலங்கிவிடும். அதிலிருந்தும் ஒருவன் பீரங்கியைக் கூப்பிடுகிறான். முதல் குண்டு தலையைத் தாண்டிப் பின்னால் விழும். இரண்டாவது முன்னால். "அப்ப தெரிஞ்சிடும் தம்பி. மூணாவது நடுவுல. நடுவுலதான் நாம."

ஐயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அண்ணே, ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல உங்களுக்கு எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"ஒரு வெத்தலை மடிக்கிற நேரம்."

"ஓட முடிஞ்சுதா?"

"சிலபேருக்கு."

ஐயா வெகுநேரம் பேசவில்லை. அந்த நேரம் முழுக்கத் தன்னைப் போன்ற ஒருவன் டெலிபோனில் எண்ணைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கும் நேரம் என்று அவருக்குத் தெரியும். அன்று போப்பா தாத்தாவின் டீக்கும் ஐயாதான் காசு கொடுத்தார். 1998இல் போப்பா தாத்தா இறந்தபோது மகனில்லாத அவருக்குக் கொள்ளி வைத்தது என் அப்பா. ஐயா சொல்லித்தான்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அரிசி எத்தனை பிய், பஸ் எத்தனை மணிக்கு, மருந்து எத்தனை மாத்திரை, எல்லாமே. சின்ன வயதில் எரிச்சலாக இருக்கும். நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒருவழியாக மாண்டலேக்கு லைன் கிடைத்தபோது, சித்தப்பா மகள் அறுந்து அறுந்து கேட்ட குரலில் வீட்டில் எத்தனை பேர், எத்தனை பேர் வெளியே வந்துவிட்டார்கள் என்று சொன்னாள். நான் ஏழு, ஏழு என்று திருப்பிச் சொன்னேன். அவளும் மறுபடி ஏழு என்றாள்.

சௌக்மியாங் போய்ப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இப்போதைக்கு நடக்காது. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்த வட்டாரத்தில் மறுபடி பீரங்கிச் சத்தம் கேட்கிறது. அங்கே ஜாடி செய்கிறவர்களிடம் டெலிபோன் லைன் இல்லை, கூட்டு, குறை என்று அவர்கள் யாரிடமும் சொல்ல முடியாது. 1945இலும் அவர்கள் அங்கேதான் இருந்திருப்பார்கள். ஐயாவின் கதையில் அவர்கள் வரவேயில்லை என்பதை இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

2008 மே மாதம் நர்கிஸ் புயலில் எங்கள் வீட்டுக் கூரை போனது. ஐயாவின் படைச் சான்று நனைந்து கூழாகிவிட்டது. அவர் அதற்கு வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் அந்த வருடம் குளிர்காலம் தொடங்கியதும் தாவ்ச்சான் போக வேண்டும் என்றார். ரங்கூனுக்கு வடக்கே புரோம் சாலையில் இருக்கும் போர்க் கல்லறை. 6,374 பேர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். நடுவில் தூண் வரிசைகளாக ஒரு நினைவு மண்டபம், கல்லறையே இல்லாமல் போன ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் அந்தத் தூண்களில். அவர்கள் விடுதலை பெற்ற மனிதர்கள் அனைவருக்காகவும் இறந்தார்கள் என்ற வாசகத்தை ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி ஆகிய ஐந்து எழுத்துகளில் வெட்டியிருக்கிறார்கள். தமிழில் இல்லை. தமிழ்ப் பெயர்கள் அங்கே இருக்கின்றன, ஆங்கில எழுத்தில், தேடினால் கிடைக்கும். அது எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஐயா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் வேறொன்றைத் தேடி வந்திருந்தார்.

தங்கள் மதப்படி எரியூட்டப்பட்ட வீரர்களுக்கென்று அங்கே தனியாக ஒரு நினைவுக்கல் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். நாயக்கை ஆற்றங்கரையிலேயே எரித்தார்கள் என்று ஐயா எப்போதோ சொல்லியிருந்தார். கண் மங்கிவிட்டதால் என்னைப் படிக்கச் சொன்னார். ரெஜிமெண்ட் பெயரைச் சொன்னார். அதற்குக் கீழே நான் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது அவருடையது, அந்தக் குடும்பத்துடையது. ஐயா விரலைக் கல்லில் வைத்து எழுத்து எழுத்தாகத் தடவினார். பெயரைச் சொன்னார். கொஞ்சம் நிறுத்தி, மறுமுனை கேட்பதற்கு நேரம் கொடுப்பதைப் போல நின்று, மறுபடியும் சொன்னார்.